கண்ணாடிக்குள் ஒரு கடல் – 7: உண்ண மறுக்கும் மீன்

சமுத்திரத்தின் உப்புக்காற்று எட்டாத நிலத்தில் நிற்கிறது சீகிரியாப் பாறை. 477 முதல் 495 வரை அரசாண்ட காசியப்பன், அதன் உச்சியிலே அரண்மனையையும் பாறையைக் குடைந்த தடாகத்தையும், அடிவாரத்திலே அகழிகளையும், நல்ல மழைக்குப் பிறகு இன்றைக்கும் நீரைப் பீச்சுகின்ற ஊற்றுக்களையும் அமைத்து, ஜலத்தையே அலங்காரமாக்கிய கலைஞன் என்றாலும், அவன் கையாண்டதெல்லாம் நன்னீரே. அந்த அடிவாரத்துக் கிராமமொன்றில் விடுதி நடத்துகின்ற என் நண்பர் திருகோணமலையிற் பிறந்தவர்; ஏறக்குறைய நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தம் பிறந்த ஊரின் கடலில் ஒரு துளியையாவது கண்ணெதிரே வைத்துக்கொள்ளவேண்டும் என்ற ஆசையினால், விடுதியின் கூடத்தில் உப்புநீர்த் தொட்டி ஒன்றை ஸ்தாபித்து, அதற்கென்று ஒரு வண்ணாத்திப்பூச்சி மீனையும் வாங்கி வந்திருந்தார். நான் போய்ச் சேர்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: “அண்ணை, வந்த நாள் தொடக்கம் ஒண்டும் தின்னேல்லை. மருந்து ஏதும் போடோணுமோ?”

மருந்து வேண்டியதில்லை என்றேன். உப்புநீர் மீன் வளர்ப்போர் அனைவரும் ஒருநாள் சந்தித்தே தீரவேண்டிய இந்தச் சங்கடத்தில், மீனுடைய பிடிவாதத்தைக் குறைகூறுவதும், புட்டிமருந்தைத் தேடி ஓடுவதும் வழக்கமாகிவிட்டன. உண்மையில், நோயில்லாத மீன் உண்ண மறுப்பதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்: ஒன்று அச்சம், மற்றது, நாம் இடுகின்ற பொருள் உணவென்று அதற்குத் தெரியாமை.

நண்பரிடம் இருந்தது நூல்வால் வண்ணாத்தி எனலாம். விஞ்ஞானிகள் கீட்டோடொன் ஔரிகா என்பர். வெள்ளை மேனியிற் சாய்கோடுகள் ஒன்றையொன்று சந்திக்க, பின்பாதி மஞ்சளாகி, முதுகுத் துடுப்பிலே ஒரு கரும்புள்ளியும் அதன் பின்னே ஒரு நூலிழையும் தோன்ற நீந்துகின்ற இந்த மீனின் மூஞ்சி, கூராக முன்னே நீண்டிருப்பது அழகுக்காக அன்று. பவளப்பாறையின் இடுக்குகளிலே ஒளிந்திருக்கும் புழுக்களையும், சின்னஞ்சிறு இறாலினங்களையும், கடற்சாமந்தியின் உணர்விழைகளையும், பவளத்தின் சதையையும், பாசியையும் நாள் முழுதும் கொத்திக் கொத்தித் தின்பதே அதன் ஜீவனம். ஆகாரம் என்பது கல்லோடு ஒட்டியிருப்பது, கொத்தி எடுக்கவேண்டியது என்று பிறந்தது முதல் அறிந்த பிராணிக்கு, மேலிருந்து தூவப்பட்டு நீர்மட்டத்தில் மிதக்கும் உலர்ந்த சருகுத் தீனி, சோற்றையே அறிந்த குழந்தையின் முன் வைக்கப்பட்ட மாத்திரையைப் போன்றது.

அன்றியும், அந்த மீன் தொட்டிக்கு வந்த வழியைச் சற்றே யோசித்துப் பார்க்கவேண்டும். சுழியோடி கைவலையால் மடக்கிப் பிடித்து, கரையிலே தொட்டியில் நிறுத்தி, பயணத்தில் நீர் அழுக்காகாமலிருக்கும் பொருட்டுத் தீனியை நிறுத்திவைத்து, பிராணவாயு நிரப்பிய பொலித்தீன் பையிலே இருட்டில் அனுப்புகிறார்கள். இவ்வளவும் ஒழுங்காக நடந்தாற்கூட மீன் வெறும் வயிற்றோடும் மிரண்ட நெஞ்சோடும்தான் வந்து சேரும். பிடிக்கும் முறையே கொடியதானால் சொல்லவேண்டியதில்லை. பிலிப்பைன்ஸ் கடல்களில் 1960களில் தொடங்கிய சயனைட் பிரயோகத்தால் மயங்கிப் பிடிபட்ட மீன்கள், பார்வைக்குச் சுகமாயிருந்தும் சில வாரங்களில் மடிந்துபோனதை வளர்ப்போர் கண்ணீரோடு கண்டிருக்கிறார்கள். இலங்கையிலே அந்த விஷம் வேரூன்றவில்லை. ஆனால் பவளக்கிளையை வலையால் மூடி, அலவாங்கால் உடைத்து மீனை வெளியேற்றும் மொக்சி வலை இங்கே இருந்தது. அதைச் சட்டம் தடைசெய்தது மிகவும் நியாயமான காரியம்.

ஆதலால் முதலில் மீனுக்கு அமைதி, பிறகே ஆகாரம். நண்பரின் பெரிய தொட்டியிலே ஏற்கெனவே குடியிருந்த துடுக்கு மீன்கள் புதியவனை மூலைக்கு விரட்டிக்கொண்டிருந்தன. ஒளிய ஒரு குழாய்த் துண்டும் ஒரு பாறைக்கல்லும் இட்ட தனித்தொட்டிக்கு அதை மாற்றி, விளக்கைக் குறைத்து, கண்ணாடியின் மூன்று பக்கங்களையும் காகிதத்தால் மறைத்தோம். நீரையும் சோதித்தோம். உலர்வலயத்தின் கிணற்றுநீர் கடினமானது. அதிலே உப்பைக் கரைத்துக் கடல்நீர் செய்ய முனைவது வீண். ஆனால் குடிநீருக்காக அந்தப் பிரதேசத்துக் கிராமங்களில் நிறுவப்பட்டுள்ள சுத்திகரிப்பு நிலையங்களின் நீர் இதற்கு உகந்தது. சீகிரியாவின் வெயிலுக்கும் காற்றுக்கும் தொட்டிநீர் விரைவிலே ஆவியாக, நீர் போனாலும் உப்புப் போகாமல் எஞ்சி நிற்பதால், நாள்தோறும் குறைந்த அளவுக்கு நன்னீரையே ஊற்றி, நீரின் ஒப்படர்த்தியை 1.023க்கும் 1.025க்கும் இடையே நிறுத்தவேண்டும். அமோனியா சிறிதேனும் இருக்குமானால் அமிர்தத்தை இட்டாலும் மீன் உண்ணாது.

பிறகு ஆகாரம். அசைகின்ற இரையைக் காணும்போது எழுகின்ற இயல்பூக்கம் அச்சத்தையும் வெல்லக்கூடியது என்பதனால், உயிருள்ள ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிறாலில் தொடங்குவது உத்தமம். டப்பாக்களில் கிடைக்கும் அதன் முட்டைகளை உப்புநீரிலிட்டுக் காற்றூட்டி வைத்தால், நம் நாட்டு வெப்பத்தில் ஒருநாளிலே குஞ்சுகள் பொரிந்துவிடும். மஞ்சட்கரு தீர்ந்தபின் அவற்றிற் சத்து இல்லையாகையால், பொரித்த புதிதிலேயே இடவேண்டும். இது ருசி காட்டுவதற்கே போதும், உடல் தேற்றுவதற்குப் போதாது. அடுத்ததுதான் முக்கியமானது: திருகோணமலைப் பக்கத்திலிருந்து பனிக்கட்டியில் வைத்துக் கொணர்ந்த மட்டியை ஓட்டோடு பிளந்து, சதை மேற்புறமாயிருக்கும்படி பாறைக்கல்லின் இடுக்கிலே வைத்துவிட்டு விலகிப் போய்விடவேண்டும். கல்லோடு ஒட்டிய சதை. கொத்தி எடுக்கவேண்டிய சதை. மீன் நெடுநேரம் அதைச் சுற்றிவந்து, ஒரு கண்ணால் நோக்கி, விலகி, மீண்டு வந்து, கடைசியில் ஒருமுறை கொத்தியது, கொத்தியதைத் துப்பியது, மறுபடியும் கொத்தியது. நண்பர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓட்டிலே உண்ணப் பழகிய மீன், பின்னர் அதே இடத்தில் வைத்த இறால் துண்டையும், நாளடைவில் உறைந்த தீனியையும் ஏற்கும். மிச்சத்தைச் சில மணிநேரத்துக்குள் அகற்றிவிடவேண்டும். சிறிதளவாகப் பலமுறை இடவேண்டும். தலைக்குப் பின்னே முதுகுச் சதை வற்றி ஒடுங்குகிறதா என்று தினமும் பார்க்கவேண்டும். அந்த ஒடுக்கமே ஆபத்தின் முதல் அறிகுறி.

இந்த வித்தை எல்லாம் புத்தகத்திலிருந்து வந்ததன்று. கடலுக்கடியில் மீனைப் பின்தொடர்ந்தவர்களிடமிருந்து வந்தது. 1956இல் இலங்கையிற் குடியேறி, பிற்காலத்தில் 1979இல் வெளியான தம் நாவலொன்றின் பாறைக்கோட்டைக்குச் சீகிரியாவையே முன்மாதிரியாகக் கொண்ட ஆர்தர் சி. கிளார்க்கும், அவருடைய தோழர் மைக் வில்சனும் கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கடலடியிற் கண்ட காலத்திலே, அவர்களோடு சுழியோடித் திரிந்தவர் ரொட்னி ஜொங்க்லாஸ். தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் பணிபுரிந்தவர். இலங்கையிலே 1930களிற் சிறிய அளவில் தொடங்கி 1950களில் விரிந்த கடல் அலங்கார மீன் ஏற்றுமதித் தொழிலின் முன்னோடிகளில் ஒருவராகவும் அவரை மதிக்கிறார்கள். எந்த மீன் எந்தப் பாறையில் எதைத் தின்கிறது என்பதைக் கண்ணாரக் கண்டவனுக்கே, எதைத் தொட்டியில் வாழவைக்கலாம், எதை வாழவைக்க முடியாது என்ற விவேகமும் உண்டாகும்.

முடியாதவையும் உண்டு என்பதை மறைக்காமற் சொல்லவேண்டியது என் கடமை. நூல்வாலின் இனத்தைச் சேர்ந்த கீட்டோடொன் டிரைஃபாசியேட்டஸ், கீட்டோடொன் மெயரி ஆகிய பேரழகிகள் உயிருள்ள பவளத்தையே உண்டு வாழ்பவை. மட்டியின் முன்னேயே பட்டினி கிடந்து சாகும். கடற்பஞ்சையே பெரிதும் நம்பி வாழும் மூரிஷ் ஐடல் சில நாட்கள் உண்பதுபோலத் தோன்றிப் பின்னர் மெலிந்து போவதே வழக்கம். 1998இல் கடல் வெப்பமுற்று, ஹிக்கடுவை முதல் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் ரீஃப் வரை பவளங்கள் வெளுத்து மடிந்த பிறகு, பவளத்தையன்றி வேறறியாத அந்த வண்ணாத்திகளுக்குக் கடலிலேயே உணவு அருகிவிட்டது. அங்கே எஞ்சியவற்றையும் பிடித்துவந்து கண்ணாடிக்குள்ளே பட்டினி போடுவது பாவம் என்பதே என் திடமான அபிப்பிராயம். அவற்றைக் காண விரும்புவோர் நிலாவெளிக்குச் சென்று, 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவின் கரையோரத்திலே முகக்கண்ணாடியணிந்து மிதந்து பார்க்கலாம். பவளத்தின்மேல் மட்டும் காலை ஊன்றாதிருக்கவேண்டும்.

வாங்குவதென்றே தீர்மானித்தவர்களுக்கு என் வேண்டுகோள் இது. மீனின் நிறத்தைப் பார்த்து மயங்கிப் பணத்தை எடுப்பதற்கு முன், கடைக்காரரிடம் அதற்கு உங்கள் முன்னிலையில் உணவிடும்படி கேளுங்கள். அது உண்ணாவிட்டால், அது எவ்வளவு அழகாயிருந்தாலும், எவ்வளவு மலிவாயிருந்தாலும், வாங்காமல் திரும்பி வாருங்கள்.