வெப்பமானியில் 4 டிகிரி... செடியிலோ உறைபனி!

‘குறைந்தபட்ச வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸ் என்றுதானே சொன்னார்கள்? பிறகு எப்படி உருளைக்கிழங்குச் செடி கருகியது?’ உதகைப் பகுதி விவசாயிகள் பனிக்காலத்தில் கேட்கும் கேள்வி இது.

வெப்பமானி, தான் இருக்கும் இடத்தின் வெப்பநிலையையே காட்டும். வானிலை நிலையத்தில் அது தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் இலைகள் தம் வெப்பத்தை வானுக்கு இழக்கின்றன. குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்குகிறது. பெட்டிக்குள் 4 டிகிரி இருக்கும்போதே இலை மட்டத்தில் 0 டிகிரிக்குக் கீழே போய்விடலாம்.

எனவே, தோட்டத்தின் தாழ்வான பகுதியில், செடி உயரத்தில் ஒரு வெப்பமானி வையுங்கள். முன்னிரவிலேயே அளவு வேகமாக இறங்கினால் நாற்றுகளை மூடுங்கள். தெளிப்புநீர் ஓட்டினால், காலையில் பனி உருகும்வரை நிறுத்தாதீர்கள்.