பொட்டலத்தில் வைக்கும் பிரஷ்



பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளும் சேர்த்து அனுப்பும் பொட்டலங்களில் சோப்பு, துண்டு, சீப்பு இவற்றோடு பல் துலக்கும் பிரஷ்ஷும் தவறாமல் இருக்கிறது. மிகுந்த நன்றி. ஆனால் வந்தவற்றில் ஏறக்குறையப் பாதியை நோயாளிகளிடம் கொடுக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறோம். இதை உங்களிடம் மறைப்பது சரியல்ல. அவையெல்லாம் 'ஹார்டு' என்று அச்சிட்டவை.

கடினமான பிரஷ்தான் அழுக்கை எடுக்கும் என்பது பலருடைய எண்ணம். நாங்களும் வெகுகாலம் பாத்திரம் விளக்குவதுபோலத்தான் பல் விளக்கினோம். பல்லின்மேல் படிவது கிருமிகள் சேர்ந்த மெல்லிய பசை. அதை எடுக்க மிருதுவான நாரே போதும். கடின நாரை அழுத்தித் தேய்த்தால் ஈறு கீழிறங்கும், பல்லின் அடிப்பாகம் தேயும், பிறகு தண்ணீர் பட்டாலே கூசும். செங்கல் பொடி, கரித்தூள் சேர்ந்தால் சேதம் இன்னும் அதிகம்.

நல்ல உடம்புக்கே இப்படி. வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுகிறவரை நினைத்துப் பாருங்கள். நம் ஜனங்கள் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். வாயின் உட்தோல் புண்ணாகி, உமிழ்நீர் வற்றிப்போயிருக்கும். உமிழ்நீர் இல்லாவிடில் பல் வெகுசீக்கிரம் சொத்தையாகும். கடினப் பிரஷ் பட்டால் வலி தாங்காமல் அவர் பல் துலக்குவதையே விட்டுவிடுவார். பின்பு சொத்தைப் பல்லைப் பிடுங்க நேர்ந்தால், கதிர்பட்ட தாடை எலும்பு ஆறாமலே போகக்கூடும். ஆகவே மிக மிருதுவான பிரஷ்ஷும் ஃபுளோரைடு உள்ள பற்பசையும் அவருக்கு மருந்தோடு சேர்ந்தவை. சர்க்கரை நோயாளிகளின் காரியமும் ஏறக்குறைய இதுவே. ஈறு பழுத்தால் சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினால் ஈறு இன்னும் பழுக்கும்.

பிரஷ்ஷின் தலை சிறிதாக, சுமார் 2.5 செ.மீ. நீளத்துக்குள் இருந்தால் கடைவாய்ப் பல்வரை எட்டும். விலை அதிகமானது வேண்டாம். வளைவும் வண்ணமும் விளம்பரத்துக்கே.

கைப்பிடியை நாங்கள் முன்பு கவனித்ததே இல்லை. பக்கவாதத்தால் வலக்கை பலவீனப்பட்ட பெரியவர் ஒருவர், மனைவி வாயில் விரல் விட்டுத் துலக்குவதைச் சகிக்காமல் தினமும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எங்கள் பயிற்சிப் பிரிவில் ஒரு தம்பி பழைய சைக்கிள் கைப்பிடி ரப்பரை பிரஷ்ஷில் மாட்டிக் கொடுத்தார். பெரியவர் தாமே துலக்கினார். வாய் கொப்பளிக்கப் பாதித் தண்ணீர் சட்டையில்தான் போயிற்று, அதற்கு அந்த அம்மா சிரித்ததை வார்டே கேட்டது. தொழுநோயால் விரல் மடங்கி உணர்ச்சியற்றுப்போன கைக்கும் பருத்த பிடியே நல்லது. மெல்லிய பிடியை இறுக்கிப் பிடித்தால் புண்ணாவது அவர்களுக்குத் தெரியாது.

இனி, பாதுகாக்கும் விதம். 1938-ல் நைலான் நார் வரும்வரை பன்றி மயிரில்தான் பிரஷ் செய்தார்கள். அது எளிதில் உலராது, கிருமி தங்கும். நைலான் சீக்கிரம் உலரும். ஆனால் நாமோ ஈரத்தோடு மூடி போட்டு, அந்த நன்மையைக் கெடுத்துக்கொள்கிறோம். நன்றாகக் கழுவி, உதறி, தலை மேலிருக்க டம்ளரில் நிறுத்தி வைத்தால் போதும். மூன்று நான்கு மாதத்தில், அல்லது நார் விரிந்தவுடன், மாற்றிவிட வேண்டும். ஒருவருடையதை மற்றவர் உபயோகிக்கவே கூடாது. ஈறில் கசியும் இரத்தத்தால் மஞ்சள் காமாலை பி போன்றவை பரவ இடமுண்டு. படுக்கையிலிருக்கும் தகப்பனும் துணைக்கு வந்த மகனும் ஒரே பிரஷ்ஷால் துலக்குவதை இன்றும் வார்டில் காண்கிறோம். எனவே கூடுமானால் பொட்டலத்துக்கு இரண்டாக வையுங்கள். 'சாஃப்ட்' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அலமாரியில் உள்ள கடினப் பிரஷ்கள் வீணாகவில்லை. சக்கர நாற்காலிகளின் சக்கரங்களில் சிக்கும் மண்ணையும் முடியையும் எடுக்க அவற்றைப்போல வேறொன்றில்லை.