முளையில் பிறக்கும் சுவை: ஸ்காட்லாந்து ஏலும் நம்ம ராகி மால்ட்டும்

பெங்களூரில் 'மால்ட்' என்ற சொல்லை இரண்டு இடங்களில் கேட்கலாம். காலையில் அடுப்படியில், குழந்தைக்கு ராகி மால்ட் காய்ச்சும்போது கேட்கலாம். மாலையில் இந்திராநகர், லாவெல் ரோடு பக்கத்துப் பப்களில், "இது நல்லா மால்ட்டியா இருக்கு" என்று இளைஞர்கள் கிளாசைத் தூக்கிப் பார்க்கும்போதும் கேட்கலாம். இரண்டும் ஒன்றுதானா? ஒன்றேதான். தானியத்தை முளைகட்டி, பக்குவமாக உலர்த்தி எடுத்தால் அது மால்ட். பார்லியானாலும் சரி, கேழ்வரகானாலும் சரி.

குடும்பத்தோடு படிக்கிற சங்க மலரில் பீர் பற்றி எழுதலாமா என்று சில பெரியவர்கள் கேட்கக்கூடும். யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. மால்ட்டின் சுவை எவ்வளவு தூரம் போகும் என்று காட்டுகிற பானம் ஸ்காட்லாந்தின் கனத்த 'ஏல்' பீர். அதன் செய்முறை தெரிந்தால், நம் வீட்டு ராகி மால்ட்டின் அருமையும் சேர்ந்து விளங்கும்.

முளைக்குள் நடப்பது என்ன?

விதைக்குள் இருக்கும் மாவுச்சத்து, வரப்போகும் செடிக்கான சேமிப்பு. முளை விடத் தொடங்கியதும் அமிலேஸ் முதலான நொதிகள் உண்டாகி, அந்த மாவைச் சர்க்கரையாக உடைக்கத் தயாராகின்றன. அந்த நேரம் பார்த்து ஈரத்தை வற்றவைத்தால் முளை நின்றுவிடும். நொதி உள்ளேயே தங்கிவிடும்.

பார்லியைச் சுமார் 2 நாள் ஊறவைத்து, 4, 5 நாள் முளைக்கவிட்டு, சூட்டில் உலர்த்துவார்கள். அதை நொறுக்கி, ஏறக்குறைய 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால் தித்திப்பான சாறு இறங்கும். அதில் ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறிய பின் ஈஸ்ட் சேர்த்தால் பீர். வெந்நீரின் சூடு 68, 69 டிகிரிக்குப் போனால், ஈஸ்ட் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின் அதிகம் மிஞ்சும். நாக்கில் கொழகொழவென்று நிற்கும் அந்தக் கனம் இதிலிருந்துதான் வருகிறது.

'சின்னக் கனம்'

ஸ்காட்லாந்தில் 19ஆம் நூற்றாண்டில் பீப்பாயின் விலையை வைத்தே பீருக்குப் பெயரிட்டார்கள்: 60 ஷில்லிங், 70 ஷில்லிங், 80 ஷில்லிங் என்று. விலை ஏற ஏற மால்ட்டும் வீரியமும் ஏறும். இவற்றில் கனத்த வகைக்கு 'வீ ஹெவி' என்று பெயர். 'வீ' என்றால் அந்த ஊர்ப் பேச்சில் 'சின்ன' என்று பொருள். எடின்பரோவுக்கு அருகே பிரஸ்டன்பான்ஸில் இருந்த ஃபௌலர் புரூவரி இந்தக் கனத்த ஏலைச் சின்னச் சின்னப் பாட்டில்களில் விற்றுப் பெயர் வாங்கியது. இந்த வகையில் ஆல்கஹால் பொதுவாக 6.5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும்.

அதன் சுவையை நம்ம பாஷையில் சொல்வதானால், வெல்லப்பாகு காயும் மணம், தோசையின் சிவந்த ஓரம், உலர்ந்த திராட்சை, கொஞ்சம் பேரீச்சை. ஹாப்ஸின் கசப்பு பின்னால் ஒதுங்கி நிற்கும். மால்ட்டை உலர்த்தும்போதும் சாற்றைக் காய்ச்சும்போதும் சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து மாறுவதால்தான் இந்த நிறமும் மணமும் பெரும்பாலும் வருகின்றன. 1912இல் இதை விளக்கிய பிரெஞ்சு விஞ்ஞானியின் பெயரால் இதற்கு மயார் வினை என்று பெயர். தோசை சிவப்பதும் காப்பிக் கொட்டை வறுபட்டு மணப்பதும் இதே வினைதான். ஈஸ்ட்டைக் குளிர்ந்த சூழலில் மெதுவாக வேலைசெய்ய விடுவதால் பழவாசனை அடங்கி, தானிய மணம் முன்னால் வரும். சிலர் நினைப்பதுபோல் பீட் புகைவாசனை இதன் இலக்கணம் அல்ல. அது சில ஸ்காட்ச் விஸ்கிகளுக்கு உரியது.

ஸ்காட்லாந்தின் தென்பகுதியில் ட்ராக்வேர் என்ற பழைய மாளிகை இருக்கிறது. அங்கே 18ஆம் நூற்றாண்டுப் புரூவரி ஒன்று தூசி படிந்து கிடந்தது. மாளிகைக்கு உரியவரான பீட்டர் மேக்ஸ்வெல் ஸ்டூவர்ட் 1965இல் அதற்கு உயிர் கொடுத்தார். அங்கே வடிக்கும் ஜாக்கபைட் ஏலில் சேரும் மசாலா என்ன தெரியுமா? நம்ம கொத்தமல்லி விதை!

பெங்களூருக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர்

1809இல் கண்டோன்மென்ட் உருவானபின் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் தாகத்துக்கு இங்கே பீர் தேவைப்பட்டது. இயந்திரக் குளிர்ச்சி இல்லாத காலத்தில் புரூவரிக்குக் குளிர்ந்த ஊர் வேண்டும். நீலகிரியும், கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உயர்ந்த பெங்களூரும் அதற்கு ஏற்றவையாக இருந்ததில் வியப்பில்லை. நீலகிரியின் கேஸில் புரூவரி 1857இல் தொடங்கியது. தென்னிந்தியாவில் இப்படி இருந்த ஐந்து புரூவரிகளை 1915இல் ஒன்றாக இணைத்து யுனைடெட் புரூவரிஸ் நிறுவனத்தை உருவாக்கியவர் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். பட்டாளத்துக்கான பீர் பெரிய பீப்பாய்களில் மாட்டுவண்டியில் போன காலம் அது. புரூவரி இருந்த இடத்தில்தான் இன்று யூபி சிட்டி நிற்கிறது.

2010இல் டாய்ட், 2011இல் பியர் கிளப் என்று புதிய தலைமுறைப் புரூவரி பப்கள் இந்த ஊரில் வந்தன. ராகி சேர்த்துப் பீர் வடித்துப் பார்த்தவர்களும் இங்கே உண்டு.

ஸ்ட்ராங் வேறு, மால்ட் வேறு

கடையில் 'ஸ்ட்ராங்' என்று விற்கும் பீரும் 8 சதவீதம் வரை போகும். அப்படியானால் அதுவும் ஸ்காட்லாந்து ஏலும் ஒன்றா என்றால், இல்லை. ஸ்ட்ராங் பீர்களில் பெரும்பாலானவை லாகர் வகை. அரிசி, சோளம், சர்க்கரை போன்றவற்றைச் சேர்த்தே வீரியத்தைக் கூட்டிவிடலாம். அவை அநேகமாக முழுக்க ஆல்கஹாலாக மாறிவிடும், சுவையில் ஒன்றும் மிஞ்சாது. கனத்த ஏலில் வீரியமும் சுவையும் ஒரே மால்ட்டிலிருந்து வருகின்றன.

ஆனால் உடம்புக்கு இந்த வித்தியாசம் தெரியாது. 8 சதவீத ஏல் 330 மில்லி பாட்டில் ஒன்றில் சுமார் 26 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. அது 30 மில்லி விஸ்கி இரண்டுக்குச் சமம். "பீர்தானே அங்கிள்" என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைப் பெற்றோர் சொல்லித்தர வேண்டும். பாதுகாப்பான அளவு என்று ஆல்கஹாலில் எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

முளை நமக்குப் புதிதல்ல

மால்ட் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வித்தை என்று நினைப்பவர்கள் பெரும்பாணாற்றுப்படையைப் பார்க்க வேண்டும். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் அந்நூலில் அரிசி மது வடிக்கும் முறை வருகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, ஆறவைத்து, அதில் 'நல்லடை' என்பதைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவைத்துப் பிழிகிறார்கள். இந்த அடையை இடித்த முளை என்று உரை விளக்குகிறது. முளையின் நொதி களியைச் சர்க்கரையாக்கும் அதே ரசாயனம்! பெங்களூர்க் கண்டோன்மென்ட்டுக்குப் பிழைக்க வந்த தமிழர்களில் பலர் அந்தத் தொண்டைநாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்தாம்.

மது வடிக்கும் முறை போய்விட்டது; அதில் எனக்கு வருத்தம் இல்லை. முளைகட்டும் பழக்கமும் கூடவே போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை. சிறுதானியங்களில் மால்ட்டுக்கு மிகப் பொருத்தமானது கேழ்வரகு. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறது. சாதாரண ராகிக் கஞ்சி ஆறினால் கெட்டியாகிவிடும். முளைகட்டிய மாவில் நொதி மாவுச்சத்தை உடைத்து நெகிழவைப்பதால், அதே பதத்தில் கூடுதல் மாவு போட முடியும். சின்ன வயிறு உள்ள குழந்தைக்கு ஒரு கிண்ணத்திலேயே அதிகச் சத்து கிடைக்கும்.

செய்வதும் சுலபம். ராகியைக் கழுவி ஓர் இரவு ஊறவையுங்கள். துணியில் கட்டி ஒன்று, ஒன்றரை நாள் முளைக்கவிடுங்கள். காயவைத்து, வேரைத் தேய்த்து உதறி, இளஞ்சூட்டில் மணம் வரும்வரை மட்டும் வறுத்து அரையுங்கள். அதிகம் வறுத்தால் மணம் கூடும். ஆனால் நொதி செத்துவிடும்.

டப்பாவில் வாங்கும் பல மால்ட் பானங்களில் சர்க்கரை ஏராளம். வாங்கும்போது லேபிளைப் படித்துப் பாருங்கள். பாட்டிலில் இருக்கும் மால்ட்டைப் பற்றி நம் பிள்ளைகள் எப்படியும் வெளியே தெரிந்துகொள்வார்கள். துணிமூட்டையில் முளைக்கும் மால்ட்டை நாம்தான் வீட்டில் காட்ட வேண்டும்.