முயலாமலே எடை குறைகிறதா?

"சாப்பாடு குறையவில்லை, டாக்டர், சட்டைதான் தொளதொளவென்று ஆகிவிட்டது." எங்கள் புறநோயாளிகள் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. உணவைக் குறைக்காமலும் உடற்பயிற்சியைக் கூட்டாமலும் எடை குறைந்தால், அதனை வயதின் விளைவு என்றோ வேலைப்பளு என்றோ ஒதுக்கிவிடுதல் கூடாது.

எப்போது கவனிக்க வேண்டும்?

6 முதல் 12 மாதங்களுக்குள் உடல் எடையில் 5 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்தால் பரிசோதனை தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 3 கிலோ. பழைய எடை தெரியாவிடினும், விரலில் நழுவும் மோதிரமும் இடுப்புப் பட்டையில் புதிதாக இட்ட துளையும் சான்றாகும்.

காரணங்கள் யாவை?

பசி எவ்வாறு உள்ளது என்பதை நாங்கள் முதலில் கேட்கிறோம். நன்கு உண்டும் எடை குறைந்தால், கட்டுக்குள் இல்லாத நீரிழிவு, தைராய்டு சுரப்பியின் மிகை இயக்கம், குடல் சத்துகளை உறிஞ்சாமை ஆகியவற்றை எண்ணுகிறோம். மிகுந்த தாகம் முதலாவதையும், படபடப்பும் கைநடுக்கமும் இரண்டாவதையும், நாட்பட்ட வயிற்றுப்போக்கு மூன்றாவதையும் உணர்த்தக்கூடும்.

பசி குன்றியிருந்தால் காசநோய், புற்றுநோய், நாட்பட்ட சிறுநீரக, கல்லீரல், இதய நோய்கள், மனச்சோர்வு ஆகியவற்றை ஆராய வேண்டும். முதியோரிடம் பல் இழப்பு, மறதிநோய், தனிமை, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம்.

ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மிகுதி. ஆகவே, "சர்க்கரையால்தான் இளைத்தேன்" என்று அமைதி கொள்ளாதீர்கள். சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் காசநோய்க்கான பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

எவ்வாறு கண்டறிகிறோம்?

வாய், கழுத்து, வயிறு, நிணநீர்க் கட்டிகள் ஆகியவற்றைச் சோதித்தபின், இரத்த அணுக்கள், சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல், எச்.ஐ.வி. ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளும், சிறுநீர், மலப் பரிசோதனைகளும், மார்பு எக்ஸ்ரேயும் செய்கிறோம். தேவைப்படின் வயிற்று ஸ்கேனும் எண்டோஸ்கோபியும் தொடரும். எல்லோருக்கும் எல்லாச் சோதனைகளும் வேண்டியதில்லை.

முடிவுகள் யாவும் இயல்பாக இருப்பின், மறைந்த பெருநோய் இருக்கும் வாய்ப்பு குறைவு. எனினும் எடையைக் குறித்துவைத்து, சில மாதங்களில் மீண்டும் வருதல் வேண்டும்.

உறவினர்களுக்கு

விழுங்குவதில் சிரமம், கருநிற மலம் அல்லது மலத்தில் இரத்தம், இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் அல்லது காய்ச்சல், மஞ்சள் காமாலை, புதிய கட்டி ஆகியவை இருப்பின் தாமதியாது வாருங்கள். பழைய அறிக்கைகளையும், நாட்டு மருந்து உட்பட உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் எடுத்து வாருங்கள்.

புற்றுநோயாக இருக்குமோ என்னும் அச்சத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடுவோர் பலர். எடை குறைவோர் பலருக்குக் காரணம் புற்றுநோயன்று. அதுவே ஆயினும், முன்னதாக அறிந்தால் சிகிச்சைக்கான வழிகள் கூடும்.