நாட்டுத் துப்பாக்கியின் அடைப்புத் திருகு

நீலகிரியில் உருளைக்கிழங்கும் கோசும் பயிரிடும் குடியானவனுக்குக் காட்டுப்பன்றியைவிடப் பெரிய விரோதி வேறில்லை. ஒரு கூட்டம் இரவில் புகுந்ததாயின், விடிவதற்குள் பாத்திகள் யாவும் ஏர் ஓட்டியதுபோலாகிவிடும். பரணும், தீயும், தகரத்தைத் தட்டும் ஒலியும் பயன்படாதபோது வாய்வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியின் வெடியோசையே மலைநாட்டில் நெடுங்காலமாகக் கடைசிக் காவலாக இருந்து வந்துள்ளது. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமும், பயிர்க்காவலின் பொருட்டு உண்மையாக வேண்டப்படும் இவ்வகைத் துப்பாக்கியைத் தனியே பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றது.

இத்துப்பாக்கியை உடையவர்கள் கட்டையைத் துடைப்பார்கள். குதிரைக்கும் விசைக்கும் எண்ணெய் இடுவார்கள். ஆனால் சுடும்போது கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும் உறுப்பை மாத்திரம் பெரும்பாலோர் நினைப்பதில்லை. குழலின் அடிப்புறத்தை அடைத்து நிற்கும் மரையிட்ட இரும்புத் துண்டே அது. அடைப்புத் திருகு என்று அதனைச் சொல்லலாம். குழல் உட்புறம் வழுவழுப்பானதாயினும், வரிப்பள்ளம் வெட்டிய ரைபிளாயினும் இவ்வுறுப்பு ஒன்றே.

வெடிமருந்து எரியும்போது உண்டாகும் ஆவி, குண்டை முன்னே தள்ளும் அதே பலத்துடன் இத்திருகைப் பின்னே தள்ளுகின்றது. பன்னிரண்டாம் அளவுக் குழலின் துவாரம் முக்கால் அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. அதனுள் சதுர அங்குலத்திற்கு 5,000 ராத்தல் அழுத்தம் என வைத்துக் கணக்கிட்டால், திருகின்மேல் விழும் பாரம் 2,000 ராத்தலுக்கு மேலாகும். ஒவ்வொரு வெடிக்கும் இத்தனை பாரத்தையும் தாங்குபவை சில மரைகளே. அவை தேய்ந்தோ துருப்பிடித்தோ இருந்தால், திருகு சுடுபவனுடைய முகத்தை நோக்கியே பாயும்.

இதனைச் சரியாக அமைப்பது எத்துணை அரிய வேலை என்பதற்கு ஜப்பான் தேசத்துக் கதை ஒன்று உண்டு. 1543ஆம் ஆண்டில் தனெகஷிமாத் தீவில் வந்திறங்கிய போர்ச்சுகீசியரிடம் அத்தீவின் தலைவன் இரண்டு துப்பாக்கிகளை வாங்கி, அவற்றைப் போலவே செய்யும்படி தன் கொல்லர்களுக்குக் கட்டளையிட்டான். வாள் அடிப்பதில் உலகப் புகழ் பெற்ற நாட்டுக் கொல்லர்கள் குழலை விரைவில் உருவாக்கினர். ஆனால் அதன் அடிப்புறத்தை அடைக்கும் வகை அவர்களுக்கு விளங்கவில்லை. திருகு மரை என்பதே அங்கு அறியப்படாத பொருளாயிருந்தது. மறு வருஷம் வந்த வெளிநாட்டு இரும்பு வேலைக்காரன் ஒருவனிடம் கற்ற பிறகே அவ்வேலை முற்றுப்பெற்றது என்று 1606இல் எழுதப்பட்ட வரலாறு கூறுகின்றது. நீலகிரியின் பழைய கொல்லர்களான கோத்தர்கள் படகர்களுக்கும் தோடர்களுக்கும் வேண்டிய இரும்புச் சாமான்களை அடித்துத் தந்தவர்கள். ஆயினும் அரிவாள் அடிப்பது ஒரு வித்தை. மரை வெட்டிக் காற்றுப் புகாமல் அடைப்பது மற்றொரு வித்தை.

துப்பாக்கிக் கொல்லன் இதனைப் பொருத்தும் முறை பின்வருமாறு. குழலின் அடிப்புறத்தில் மரை வெட்டும்போது, மரை முடியும் இடத்தில் உட்புறம் ஒரு சிறு விளிம்பு விடப்படும். திருகின் முகம் அவ்விளிம்பின்மேல் சுற்றிலும் இடைவெளியின்றி அழுந்தி உட்கார வேண்டும். இதுவே முழு வேலையின் உயிர்நிலை. முகம் அழுந்தாமல், பின்புறத் தோள் மாத்திரம் குழலின் முனையில் முட்டி நின்றால், வெளிப்பார்வைக்கு இறுக்கமாகத் தோன்றும். உள்ளேயோ கசடு தங்கும் பள்ளம் ஒன்று இருந்துகொண்டே இருக்கும். இதைக் கண்டறிய, கொல்லன் திருகின் முகத்தில் விளக்குக் கரியை மெல்லியதாகப் பூசி, திருகி இறுக்கி, மறுபடி கழற்றிப் பார்ப்பான். கரி எங்கே அழிந்துள்ளதோ அங்கேதான் இரும்பு இரும்பைத் தொட்டது. சுற்றிலும் ஒரே சீராக அழியும் வரையில் சிறிது சிறிதாக அரம் போடுவான். முகம் அழுந்தும் அதே நிலையில் திருகின் வால் கட்டையில் தனக்குரிய பள்ளத்திற்கு நேராக வந்து நிற்கவும் வேண்டும். அரத்தின் ஓர் இழுப்பு அதிகமானாலும் வால் நேரைக் கடந்துவிடும்; ஆதலின் இது பொறுமையுள்ளவனுக்கு உரிய வேலை. மரை பிடிக்கும் நீளம் ஏறக்குறையத் திருகின் விட்டத்தளவாவது இருத்தல் நலம். தளர்ந்த மரையில் நூல் சுற்றுவதும், பித்தளைத் தகடு செருகுவதும், வெளியே பற்றவைத்து மூடுவதும் பழுதை மறைக்குமே அன்றித் தீர்க்கா.

நல்ல கொல்லன் வேலை முடிந்தபின் குழலின் அடிப்பக்கத்தில் திருகையும் குழலையும் ஒருங்கே தொடும்படி உளியால் ஒரு மெல்லிய கோடு கிழிப்பான். அக்கோட்டின் இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று நேராக இல்லையெனில் திருகு அசைந்துவிட்டது என்று அறிக. பொருத்தில் கருமையான புகைக் கறை படிதல், செந்நிறத் துரு நீர் கசிதல், வால் கட்டையைவிட்டு மேலெழுதல் ஆகியவையும் அபாயக் குறிகளே. இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் அத்துப்பாக்கியில் மறு வெடி போடலாகாது.

துரு எப்படி வருகின்றது? கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். ஒரு பகுதி புகையாய் வெளியேறும். எஞ்சியது உப்புப் படிவாகக் குழலினுள் தங்கும். இவ்வுப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மையது. சமவெளியில் ஒரு நாள் கவனியாதிருப்பதற்கும், கூடலூர்ப் பக்கத்தில் ஆடி மழையிலோ, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் ஐப்பசி மழையிலோ ஒரு நாள் கவனியாதிருப்பதற்கும் மிகுந்த வேற்றுமை உண்டு. மஞ்சு வீட்டினுள்ளேயே புகும் ஊரில், இரவில் சுட்ட குழல் மறுநாள் மாலைக்குள் செம்மை பூக்கத் தொடங்கும். அதிலும் அடைப்புத் திருகின் முகமே குழலின் கடைசி மூலையாகையால் கசடு அங்கேதான் அதிகம் சேரும்.

உப்பைக் கரைப்பது எண்ணெய் அன்று, தண்ணீரே. ஆதலால் சுட்ட அன்றே குழலைக் கட்டையினின்றும் பிரித்து, கேப்பு வைக்கும் காம்பைக் கழற்றி, குழலின் அடிப்புறத்தை வெந்நீர் உள்ள பாத்திரத்தில் வைத்து, கஜக்கோலின் நுனியில் துணி சுற்றி மேலும் கீழுமாக இழுக்க வேண்டும். பற்றுவாய் வழியே நீர் உறிஞ்சப்பட்டும் வெளிப்பட்டும் திருகின் முகத்தைக் கழுவிவிடும். நீர் தெளிவாக வரும் வரையில் இவ்வாறு செய்து, உலர்ந்த துணிகளால் ஈரம் முழுவதையும் துடைத்தபின்னரே எண்ணெய் இட வேண்டும். தேங்காயெண்ணெய் உதகமண்டலத்துக் குளிரில் உறைந்து கட்டியாகிப் பற்றுவாயை அடைத்துக்கொள்ளும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகும். தையல் யந்திரத்திற்கு இடும் மெல்லிய எண்ணெயே போதுமானது. மறுபடி மருந்து கெட்டிப்பதற்கு முன் அவ்வெண்ணெயையும் துடைத்துவிட வேண்டும்.

சுத்தம் செய்வதற்காக அடைப்புத் திருகைக் கழற்றவே கூடாது. அடிக்கடி கழற்றினால் மரை தேய்ந்து, முகத்தின் அழுத்தம் குறையும். கழற்ற வேண்டிய அவசியம் நேர்ந்தால் அது கொல்லனின் வேலையே. இறுகிய திருகு இளகும்பொருட்டுக் குழலை நெருப்பில் காட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. பல வருஷம் மூலையில் கிடந்த துப்பாக்கியினுள் பழைய மருந்து அப்படியே இருக்கக்கூடும். அதன்மேல் தீ பட்டால் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆகையால் எந்த வேலைக்கும் முன்னர்க் கேப்பு இருப்பின் அதை எடுத்துவிட்டு, குழலின் வாய்க்கு நேரே நில்லாமல் கஜக்கோலை உள்ளே இறக்கி வாய்மட்டத்தில் அடையாளமிட்டு, பின் அக்கோலைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கோலின் நுனி பற்றுவாய்க்கு அருகில் எட்டாமல் இரண்டு மூன்று விரற்கடை முன்னரே நின்றால் உள்ளே மருந்து உண்டு என்று கொள்க.

மருந்தைப்பற்றியும் ஒரு வார்த்தை அவசியம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருவங்காட்டில் நிறுவப்பட்ட தொழிற்சாலைக்குப் பெயர் தந்த கார்டைட்டும், இக்காலத் தோட்டாக்களினுள் இருக்கும் மருந்தும் புகையில்லா மருந்து வகையைச் சேர்ந்தவை. அவை கருமருந்தைப் போன்றவை அல்ல. அடைபட்ட இடத்தில் அவற்றின் அழுத்தம் பன்மடங்கு ஏறும். தோட்டாவைப் பிரித்து எடுத்த மருந்தை ஒரு சிட்டிகையேனும் நாட்டுத் துப்பாக்கியில் இட்டால், குற்றமற்ற திருகும் தாங்காது. குண்டை மருந்தின்மேல் முட்டும்படி இறக்காமல் நடுவே இடைவெளி விடுவதும் குழல் வெடிப்பதற்குக் காரணமாகும்.

சட்டத்தின்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கும் சோதிப்பதற்கும் உரிய லைசென்ஸ் உள்ளவனே அவ்வேலையைத் தொழிலாகச் செய்யலாம். குடகு நாட்டாருக்கு உள்ள விலக்கு நீலகிரிக்கு இல்லை. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அனுமதியின்றிப் பன்றியைச் சுடுவதும் குற்றமே. பயிர்க்காவல் லைசென்ஸ் வேட்டைக்கு உத்தரவு ஆகாது. கொல்லனிடம் துப்பாக்கியைக் கொண்டுபோகும்போது குழல் காலியாகவும், லைசென்ஸ் கையிலும் இருக்க வேண்டும். திரும்பப் பெறும்போது உளிக்கோடு நேராக உள்ளதா என்பதைக் கொல்லன் முன்னிலையிலேயே பார்த்து வாங்குக.