ஆப்பிரிக்க மக்களிடையே கரப்பான் நோய்

கரப்பான் எனத் தமிழில் வழங்கும் தோல்நோயை மேலை நாடுகளுக்கே உரியதாகக் கருதுவோர் உளர். 2009-ஆம் ஆண்டில் வெளிவந்த உலக ஆய்வொன்று அக்கருத்தினை மறுக்கின்றது. 96 நாடுகளில் 13, 14 அகவைச் சிறாரிடை நிகழ்ந்த அவ்வாய்வில், இந்நோய்க்குறிகள் மிக்கிருந்த நிலப்பகுதிகள் ஆப்பிரிக்காவும் இலத்தீன் அமெரிக்காவுமேயாம்.

எனினும், கருநிறத்தார்பால் இந்நோய் காலந்தாழ்ந்து அறியப்படுகின்றது. மருத்துவ நூல்கள் 'சிவத்தல்' என்பதனையே முதற்குறியாகக் கூறுதல் அதற்கு ஒரு காரணம். கருந்தோலில் அச்சிவப்பு விளங்கித் தோன்றாது. சாம்பல், ஊதா, கரும்பழுப்பு ஆகிய நிறங்களே புலப்படும். மயிர்க்கால்தோறும் சிறு பருக்கள் எழுதலும் உண்டு. ஆதலின், வறட்சியையும் தடிப்பையும் தொட்டறிதல் இன்றியமையாதது.

இனி, அன்றாடப் பழக்கங்களை நோக்குவோம். மேற்கு ஆப்பிரிக்கப் பெண்டிர் ஷியா மரத்து விதையினின்று எடுக்கும் வெண்ணெய் தோலின் ஈரத்தைக் காக்கும். சாம்பற்காரத்தால் ஆக்கப்படும் கறுப்புச் சவர்க்காரமோ தோலின் இயல்பான புளிப்புத்தன்மையைக் குலைத்து வறட்சியை மிகுவிக்கும். நிறத்தை வெளுப்பிக்கும் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்துள்ளது. அஃது அரிப்பினை முதற்கண் அடக்கினும், நாளடைவில் தோலை மெலிவிக்கும். நிறுத்தியபின் நோய் மீண்டெழுதலும் உண்டு. நீராடிய ஈரம் புலருமுன் நெய்ப்பொருள் பூசுதலே எளிய நெறியாம்.

நோயைக் குறிக்கும் சொற்கள் எல்லா நிறத்தார்க்கும் பொருந்துமாறு அமைதல் வேண்டும் என்பதே யாம் ஈண்டு வலியுறுத்துவது.