தகட்டுக்கும் மைப்படி

இராமேசுவரம் கோயில் கல்வெட்டைப் படியெடுப்பவர் என்ன செய்கிறார்? ஈரத்தாளைக் கல்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றுகிறார். எழுத்தோடு கல்லின் சிதைவும் பதிந்துவிடுகிறது. இதுவே மைப்படி. படித்ததை மட்டும் எழுதிவைத்தால் படித்தவரின் பிழையும் அதில் ஏறிவிடும்.

பழைய கணினி விளையாட்டுக் குறுந்தகட்டைக் காக்கவும் இம்முறையே ஏற்றது. அதில் செய்தியைத் தாங்குவது மெல்லிய அலுமினியப் படலம். மேற்பூச்சில் கீறல் விழுந்தால் ஈரம் புகுந்து அரிக்கும். இராமநாதபுரக் கடற்கரையின் உப்புக்காற்றில் கேட்கவே வேண்டாம்.

கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் போதாதா? போதாது. தகடு 2352 பைட்டுகள் கொண்ட சிறு பகுதிகளால் ஆனது. சாதாரணத் தரவுப் பகுதியில் கோப்புக்கு உரியவை 2048. எஞ்சிய 304 பைட்டுகளில் இடக்குறிப்பும் பிழைதிருத்தக் குறிகளும் உள்ளன. சில விளையாட்டுகளின் இசை தனித் தடங்களில் இருக்கும். கோப்புப் பட்டியலில் அது வராது. கள்ளநகலைத் தடுக்கச் சில நிறுவனங்கள் வேண்டுமென்றே பிழைகளைப் பதித்தன. அவற்றைத் 'திருத்தி' எடுத்த நகலில் விளையாட்டு ஓடாது!

ஆகவே தகடு முழுவதையும் உள்ளபடியே படித்து, அதன் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடுகிறார்கள். ஒரு பைட்டு மாறினாலும் எண் மாறிவிடும். அதே பதிப்பின் வேறொரு தகட்டிலிருந்து எடுத்த படியின் எண்ணோடு ஒத்துப்போனால் நம்பலாம். ஒவ்வாவிட்டால், தகட்டைத் துடைத்து மறுபடியும் படிக்க வேண்டியதுதான்.